மாட்டுக்கு ஒரு பெயர், தட்டுக்கு ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம். சாப்பாட்டுச் சொற்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பசிக்கிற நேரத்தில் ஒலிபரப்பு ஆனால் பழி என் மேல் இல்லை.

ஐஸ்லாந்தில் ஆங்கிலம் படிக்கத் தொடங்குகிற பிள்ளையின் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஐஸ்லாந்திக் சொல். நம் பிள்ளைகளின் நோட்டிலும் இதே கோடு உண்டு. அதனால்தான் எங்கோ வடகோடியில், ஏறக்குறைய நாலு லட்சம் பேர் வாழும் தீவின் நோட்டை உங்கள் முன் விரிக்கிறேன். அந்த நடுக்கோடு எங்கெல்லாம் ஏமாற்றும் என்பதை அங்கே நன்றாகப் பார்க்கலாம்.

தொடக்கம் சுலபம். ஆங்கிலமும் ஐஸ்லாந்திக்கும் பங்காளி மொழிகள். பால் இங்கே மில்க், அங்கே ம்யோல்க். மீன் இங்கே ஃபிஷ், அங்கே ஃபிஸ்குர். ரொட்டி இங்கே ப்ரெட், அங்கே ப்ரோய்த். உப்புக்கு இரண்டிலும் ஒரே எழுத்துக்கூட்டு. பத்துச் சொல் இப்படிப் போனதும் பிள்ளைக்குத் தெம்பு வந்துவிடும். பதினோராவது சொல்லில் காலை வாரும்.

இறைச்சிக்கு வாருங்கள். ஐஸ்லாந்திக்கில் இறைச்சி என்றால் க்யோத். நோய்த் என்றால் மாடு, நோய்தாக்யோத், மாட்டிறைச்சி. ஸ்வீன் என்றால் பன்றி, ஸ்வீனாக்யோத், பன்றியிறைச்சி. லம்ப் என்றால் ஆட்டுக்குட்டி, லம்பாக்யோத். நாம் ஆட்டுக்கறி, கோழிக்கறி என்று ஒட்டுகிறோமே, அதே ஒட்டு. விலங்கின் பெயர் தெரிந்தால் தட்டில் இருப்பதன் பெயரும் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை ஆங்கிலத்துக்கு வந்ததும் இதே கணக்கைப் போடும். பிக் தெரியும், மீட் தெரியும், ஆகவே பிக் மீட். இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் கடையில் அப்படி யாரும் கேட்பதில்லை. அங்கே அது போர்க். கௌ என்பது தட்டுக்கு வந்தால் பீஃப். ஷீப் வந்தால் மட்டன்.

ஏன் இப்படி? 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். மேலிடத்தில் பிரெஞ்சு பேச்சு, கொட்டிலில் ஆங்கிலப் பேச்சு. மேய்ச்சலில் நிற்கிற மாட்டுக்குப் பழைய பெயரே நிலைத்தது. விருந்துத் தட்டுக்குப் பிரெஞ்சுப் பெயர் ஏறிக்கொண்டது. மாட்டுக்கு ஒரு பெயர், தட்டுக்கு ஒரு பெயர். ஐஸ்லாந்தில் இந்தப் பிளவு நடக்கவில்லை. ஆகவே அந்தப் பிள்ளை போர்க், பீஃப், மட்டன் மூன்றையும் விலங்கின் பெயரோடு இணை இணையாகப் படிக்க வேண்டும்: பிக்–போர்க், கௌ–பீஃப், ஷீப்–மட்டன். வலப்பக்கத்து க்யோத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றப் போனால் மாட்டிக்கொள்ளும். லேம்ப், சிக்கன் இரண்டும் தப்பின. விலங்குக்கும் தட்டுக்கும் ஒரே பெயர். (இந்த மட்டன் நம்மூரில் வெள்ளாடாகிவிட்டது வேறு கதை. லண்டன் கடையில் மட்டன் கேட்டால் செம்மறிதான் வரும்.)

இன்னொரு பொறி. ஐஸ்லாந்திக்கில் உணவுக்கு மாத்துர் என்று பெயர். ஆங்கில மீட்டும் இதுவும் ஒரே வேர். பழைய ஆங்கிலத்தில் மீட் என்றால் எல்லா உணவும்தான். பிறகு இறைச்சியாகச் சுருங்கியது. காய்கறிக்கு ஐஸ்லாந்திக்கில் க்ரைன்மெத்தி, அதாவது பச்சை உணவு. அதைப் பிய்த்து ஆங்கிலமாக்கினால் பச்சை இறைச்சி என்று வரும்! பங்காளி வீட்டுச் சாவி நம் பூட்டில் நுழையும், ஆனால் திறக்காது.

சரி, இப்போது எண்ணிக்கை. நான் அதிகம் அழுத்திச் சொல்ல வந்தது இதைத்தான். அரிசிக்கு அவர்கள் சொல் ஹ்ரீஸ்க்ர்யோன், அரிசி மணிகள். மணிகள் அல்லவா, எனவே பன்மை. சோறு வெந்துவிட்டது என்பதை அவர்கள் மொழியில் பன்மை வினையோடுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ரைஸ் ஒருமை. பிள்ளை 'ரைஸ் ஆர் ரெடி' என்று எழுதும். 'ரைஸ் இஸ் ரெடி' என்று திருத்த வேண்டும். காய்கறியில் இது தலைகீழ். க்ரைன்மெத்தி ஒருமை, ஆங்கில வெஜிடபிள்ஸ் பன்மை. பழம் மறுபடி திரும்புகிறது. அவர்களுக்குப் பன்மை, ஆங்கிலத்தில் ஃப்ரூட் பெரும்பாலும் ஒருமை. இரண்டு பக்கத்திலும் தனித்தனிச் சொல்லாக எழுதினால் இந்தச் சங்கதி நோட்டில் எங்கேயும் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அளவோடு எழுதுங்கள். ப்ரெட் என்று வேண்டாம், 'எ லோஃப் ஆஃப் ப்ரெட்', 'எ ஸ்லைஸ் ஆஃப் ப்ரெட்'. மில்க் என்று வேண்டாம், 'எ கார்ட்டன் ஆஃப் மில்க்'. ஜாம் என்று வேண்டாம், 'எ ஜார் ஆஃப் ஜாம்'. எது எண்ணப்படும், எது எண்ணப்படாது என்பது அளவுச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது பூண்டு. வெங்காயத்துக்கு லோய்குர். பூண்டுக்கு ஹ்வீத்லோய்குர், வெள்ளை வெங்காயம். நாம் வெள்ளைப்பூண்டு என்பது போல. பூண்டில் ஒரு துண்டுக்கு நாம் பல் என்கிறோம். அவர்கள் ரிவ் என்கிறார்கள், விலா எலும்பு. உரித்த பூண்டைப் பாருங்கள்; பல்லும் பொருந்தும், விலாவும் பொருந்தும். ஆங்கிலத்தில் அது க்ளோவ். ஆனால் க்ளோவ் என்றால் கிராம்பும் ஆச்சே! எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, வேர் மட்டும் வேறு. நோட்டில் க்ளோவ் என்பதற்கு எதிரே நேகுத்ல், கிராம்பு, என்று மட்டும் எழுதிய பிள்ளை, சமையல் குறிப்பில் 'டூ க்ளோவ்ஸ், க்ரஷ்ட்' என்று பார்த்தால் குழம்பில் இரண்டு கிராம்பை நசுக்கிப் போடும். அளவோடு எழுதியிருந்தால், 'எ க்ளோவ் ஆஃப் கார்லிக்', இந்த வினை வராது.

மிளகும் இப்படித்தான். ஆங்கில பெப்பர் கறுப்பு மிளகுக்கும் குடைமிளகாய்க்கும் ஒரே சொல். ஐஸ்லாந்திக்கில் மிளகு பிப்பர், குடைமிளகாய் பப்ரிகா, இரண்டும் வேறு. இஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. அவர்கள் எய்ங்கிஃபெர் என்கிறார்கள், ஆங்கிலத்தில் ஜிஞ்சர். இரண்டும் நம் பக்கத்துச் சொல்லில் புறப்பட்டு, பாலி, கிரேக்கம், லத்தீன் என்று அலைந்து போய்ச் சேர்ந்தவை. மூலம் திராவிடம், நம் இஞ்சிதான், என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. அன்னாசியிலும் நாமும் அவர்களும் ஒரு பக்கம். அங்கே அனனாஸ். ஆங்கிலம் மட்டும் பைனாப்பிள் என்று தனியே நிற்கிறது.

அளவு என்றதும் கரண்டி. ஐஸ்லாந்து சமையல் குறிப்பில் மாவை டெசிலிட்டரில் அளப்பார்கள், ஒரு டெசிலிட்டர் 100 மில்லி. அமெரிக்கக் குறிப்பில் ஒரு கப் என்பது ஏறக்குறைய 240 மில்லி. ஒரு கப்பை ஒரு டெசிலிட்டராக எடுத்தால் மாவு பாதிக்கும் குறைவு, தோசை மாவாட்டம் ஓடும். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. ஆங்கிலக் குறிப்புகள் சிலவற்றில் சின்ன டி எழுத்து தேக்கரண்டி, பெரிய டி எழுத்து மேசைக்கரண்டி. மாற்றிப் படித்தால் உப்பு மூன்று மடங்கு.

சரி, படிப்பது எப்படி. ஒரு நாளைக்கு எட்டுச் சொல் போதும். பழங்களை எல்லாம் ஒரே நாளில் படிக்காதீர்கள். பேரிக்காயும் பீச்சும் பிளம்மும் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். 1990களின் ஆய்வுகளே இதைக் காட்டின. ஒரு பழம், ஒரு பாத்திரம், ஒரு சுவை என்று கலந்து எடுங்கள். சொற்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்குங்கள். வரிசையாகப் படித்தால் வரிசைதான் மனப்பாடமாகும், சொல் ஆகாது. முதலில் ஆங்கிலத்தைப் பார்த்துத் தம் மொழியில் சொல்லட்டும். மறுநாள் தம் மொழியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லட்டும், அளவோடு. இரண்டாவதுதான் கடினம், அதைத் தவிர்க்கக் கூடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உச்சரிப்புக்கு வைத்திருந்த நேரத்தைப் பூண்டு தின்றுவிட்டது. சுருக்கமாக: ஐஸ்லாந்திக்கில் எப்போதும் முதல் அசையில்தான் அழுத்தம். எனவே பனானா, பொட்டேட்டோ, டொமேட்டோ மூன்றையும் முன்னால் அழுத்திவிடுவார்கள். இரண்டாம் அசையில் அழுத்தச் சொல்லுங்கள். ஷ் ஒலி அவர்களுக்கு இல்லை, ஃபிஷ் ஃபிஸ் ஆகும். வாட்டரும் வெஜிடபிளும் நமக்குப் போலவே அவர்களுக்கும் ஒரே வ.

கடைசியாக ஒன்று. ஐஸ்லாந்தில் சாப்பிட்டு எழும்போது சமைத்தவரிடம் 'தாஹ்க் ஃபிரிர் மிக்' என்பார்கள். எனக்காக நன்றி என்பது போல. இதை 'தேங்க்ஸ் ஃபார் மீ' என்று ஆங்கிலமாக்கினால் சமைத்தவர் விழிப்பார். 'தட் வாஸ் லவ்லி, தேங்க் யூ' என்று சொல்லிக்கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.