பெட்டிக்குப் பின்னால் இருப்பவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். உலகமயமாதல் என்றதும் பலருக்கு இணையம் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பெட்டி. கப்பலில் அடுக்கி வரும் கன்டெய்னர்தான்.

1956 ஏப்ரல் 26. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் ஏற்பாட்டில், 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதுவரை மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றையும் ஆட்கள்தான் ஏற்றி இறக்க வேண்டும். கப்பல் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் துறைமுகத்தில் நிற்கும். பெட்டி வந்த பிறகு கிரேன் அந்த வேலையைச் சில மணி நேரத்தில் முடித்தது. செலவு சரிந்தது. ஒரு கண்டத்தில் தைத்த சட்டையை இன்னொரு கண்டத்தில் மலிவாக விற்க முடிந்தது. இதனால் எத்தனையோ குடும்பங்களுக்குச் சம்பளம் வந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மனிதர்கள் சந்திக்கும் நேரம் சுருங்கிவிட்டது. முன்பெல்லாம் மாலுமிகள் கரையிறங்கி ஊரைச் சுற்றுவார்கள், நாலு பேரோடு பேசுவார்கள், நாலு வார்த்தை கற்றுக்கொள்வார்கள். இப்போது பல துறைமுகங்கள் ஊரைவிட்டுத் தள்ளி, வேலிக்குள் இருக்கின்றன. வந்த நாட்டின் மண்ணை மிதிக்காமலே திரும்புகிற மாலுமிகள் ஏராளம்.

2020-இல் கொரோனா வந்து எல்லைகள் மூடப்பட்டபோது சரக்கு இறங்கியது. அதைக் கொண்டுவந்தவர்களால் இறங்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் சுமார் 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக்குள் அடைந்திருந்த நமக்குப் பொருள்கள் வந்துகொண்டிருந்தன. அவர்களைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? நானும் பேசவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சரி, பொருளுக்குப் பின்னால் இருப்பவர்கள் நம் கண்ணில் பட்டால் என்ன நடக்கும்? 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவர் நகரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்தது. ஆடைத் தொழிலாளர்கள் உட்பட 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் விழுந்திருந்தது. இருந்தும் அவர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். இடிபாடுகளில் வெளிநாட்டுக் கடைகளின் லேபிள்கள் கிடந்தன. அந்தப் படங்களைப் பார்த்து, அதே கடைகளில் துணி வாங்கியவர்கள் கேள்வி கேட்டார்கள். அடுத்த மாதமே பல ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆலை ஆலையாகப் பொறியாளர்கள் போய்ப் பார்த்தார்கள்.

இத்தனை உயிர் போன பிறகுதானா என்று கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும்.

பெரும்பாலான சட்டை லேபிள்களில் நாட்டின் பெயர் மட்டும் இருக்கிறது. தைத்த ஆலையின் பெயர் இருப்பதில்லை. சில நிறுவனங்கள் இப்போது ஆலைப் பட்டியலைத் தாங்களாகவே வெளியிடுகின்றன. எல்லா நிறுவனங்களுக்கும் அதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அடுத்த முறை துணி எடுக்கும்போது, இதை எந்த ஆலையில் தைத்தார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.