முதலில் சூடு, அப்புறம்தான் பால்

வணக்கம் நேயர்களே. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாம்பன், மண்டபம், தொண்டி என்று நம் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் வலைக் குவியலுக்குள்ளிருந்தோ கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அடியிலிருந்தோ பூனைக்குட்டி கத்தும் சத்தம் கேட்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் தடைக்காலத்தில், ஏலக்கூடத்தில் கழிவு மீன் குறைந்து தாய்ப்பூனையே மெலிந்துபோகும், பிறகு குட்டிக்கு ஏது பால்? யாராவது ஒரு பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள், தயவுசெய்து.

வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? ஒரு கொட்டாங்குச்சியில் பாலை ஊற்றி வைக்கிறோம், குடிக்காவிட்டால் வாயைப் பிளந்து ஊற்றுகிறோம். பல குட்டிகள் பிழைக்காமல் போவது இதனால்தான். சுண்டுவிரலைக் கழுவிவிட்டு அதன் வாய்க்குள் லேசாக வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் குடலும் வேலை செய்யாது, கொடுத்த பால் செரிக்காமல் தேங்கி நிற்கும், அல்லது நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் சூடு கொடுங்கள். தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய கைலியைச் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். அவசரப்படாமல், மெதுவாக உடம்பு சூடேறட்டும். வாய்க்குள் வெதுவெதுப்பு வந்து, குட்டி தலையைத் தூக்கித் தேட ஆரம்பித்த பிறகு பால்.

அதுவும் பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும், அந்தச் சின்ன உடம்பில் நீர் வற்ற அதிக நேரம் ஆகாது. பூனைக்குட்டிக்கென்றே பால்பொடி விற்கிறது, அதை வாங்குங்கள். கைக்குழந்தை மாதிரி மல்லாத்திப் போட்டுப் புகட்டாதீர்கள், குப்புற வைத்து, தலை சற்றே நிமிர்ந்திருக்க, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்க வராது, தாய் நக்கிவிட்டால்தான் கழிக்கும், அந்த வேலையை நாம் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் செய்ய வேண்டும். தினமும் எடை பாருங்கள். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும்.

சளிப் பிடித்த குட்டிகள்தான் நம் பக்கம் நிறைய. கண் ஒட்டிக்கொண்டு மேலே மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருக்கும். அதைப் பிய்க்காதீர்கள். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் கண்மேல் வைத்திருந்தால் பொருக்கு ஊறிவிடும், மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து எடுங்கள், மறு கண்ணுக்கு வேறு பஞ்சு. மூக்கு அடைத்திருந்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. ஒரு மாதம் தாண்டிய குட்டி என்றால் சூடை மீனையோ நெத்திலியையோ உப்பில்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, இளஞ்சூட்டில் மூக்கருகே காட்டுங்கள். மீன்குழம்பு கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். கருவாடும் வேண்டாம், அத்தனையும் உப்பு.

காய்ச்சல் மாத்திரை விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். பாராசிட்டமாலை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது, அரை மாத்திரையே குட்டியைக் கொன்றுவிடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்து, அதிலும் பெர்மெத்ரின் கலந்தது, அதுவும் அப்படித்தான். தெள்ளுப்பூச்சி இருந்தால் பேன்சீப்பால் வாருங்கள், ஈறு வெளுத்திருந்தால் இரத்தம் போய்விட்டது, கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். மறுபடி மறுபடி வாந்தி, நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கு, தண்ணீர்க் கிண்ணத்தின் முன் குனிந்து உட்கார்ந்துகொண்டு குடிக்காமல் இருப்பது, இதெல்லாம் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. இவை பான்லுகோபீனியா என்ற பூனை வைரஸ் நோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்த வைரஸ் வீட்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், அதனால் மற்றப் பூனைகளை ஒட்டவிடாதீர்கள். ஃபினாயில் ஊற்றித் துடைப்பது பூனைக்கே ஆபத்து, பிளீச்சிங் கலந்த நீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு விடுங்கள்.

குட்டி கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். தேறிய குட்டியை உடனே ஏலக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டாம். எட்டு வாரம் ஆனதும் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, ஐந்தாறு மாதத்தில் கருத்தடை, இதற்கெல்லாம் பொறுப்பெடுக்கும் வீடாகப் பார்த்துக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.