வாயில்லாத மனிதர்கள்

வணக்கமுங்க. பயண எழுத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பாங்காக்கில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் திருப்பூரிலிருந்து சரக்கு விஷயமாக அங்கே போய்வருகிற நம்மாட்கள் முதலில் சொல்வதே "பூச்சி திங்கறானுங்க" என்பதுதான். நானும் போனேன், நானும் அதைத்தான் எழுதினேன். காவோ சான் தெருவில் தேளைக் குச்சியில் குத்தி வைத்திருந்த வண்டிக்கே இரண்டு பக்கம். தாய்லாந்தின் வடகிழக்கில், ஈசான் பக்கம் வெட்டுக்கிளி வீட்டுத் தீனிதான், ஆனால் இந்தத் தேள் நம்மைப் போல வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு. படம் எடுக்க 10 பாட் என்று அட்டையே மாட்டியிருந்தார்கள். அந்த அட்டையை மட்டும் நான் எழுதவில்லை, எழுதியிருந்தால் கதை கெட்டிருக்கும்.

ஊருக்கு வந்து அமுச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, படித்துக் காட்டினேன். "ஏங்கண்ணு, ஈசலை வறுத்துப் பொரியில கலந்து குடுத்தப்ப வேண்டாம்னா சொன்னே?" என்றார். மழை விட்ட சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் விளக்கு வைத்துப் பிடித்து, முறத்தில் இறகு போகப் புடைத்து, மண்சட்டியில் வறுத்தது. நாம் தின்றால் ஈசல், அவர்கள் தின்றால் பூச்சி.

இது பழைய வியாதிங்க. சந்திரகுப்தனிடம் தூது வந்த மெகஸ்தனிஸ், கங்கை பிறக்கும் இடத்தில் வாயே இல்லாத மனிதர்கள் வாசனையை மோந்தே உயிர் வாழ்கிறார்கள் என்று எழுதினார். கி.பி. 77 வாக்கில் ரோமில் பிளினி என்ற எழுத்தாளர் அதை எடுத்து அப்படியே தன் புத்தகத்தில் போட்டுக்கொண்டார். அதே புத்தகத்தில், இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம் நாணயம்) நம் பணத்தை இழுத்துக்கொள்கிறது என்று புலம்பலும் இருக்கிறது, பெரில் என்கிற பச்சைக்கல் இந்தியாவிலிருந்துதான் வருகிறது என்ற தகவலும் இருக்கிறது. அந்தக் கல்லை வெட்டியது காங்கேயம் பக்கத்துப் படியூரில், பட்டை தீட்டியது நொய்யல் கரைக் கொடுமணலில். பேரம் பேசாமலா வாங்கியிருப்பார்கள்? பேரத்துக்கு வாய் வேண்டாமா?

சரி, ஒன்று சொல்லி முடிக்கிறேன். சத்தியமங்கலம் பக்கத்துப் பண்ணாரி குண்டத்துக்கு ஒரு வருஷம் வெளிநாட்டு எழுத்தாளர் ஒருவர் வந்திருந்தார். குண்டம் இறங்கி வந்த பையனை நிறுத்தி, நெருப்பில் நடக்கும்போது என்ன தோன்றியது என்று கேட்டார், நான்தான் நடுவில் நின்று மாற்றிச் சொன்னேன். பையன் அம்மனைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னான், அவர் வேகமாகக் குறித்துக்கொண்டார். அப்புறம் பையன், "அண்ணா, சத்திக்கு பஸ் எப்பங்க? எட்டு மணி ஷிப்டுக்கு மில்லுக்குப் போகோணும்" என்றான். அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.