மேனெக் இல்லாத பத்து நிமிடம்

வணக்கம். கல்லூரிக் கூடைப்பந்து பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். புதிய சீசனைப் பற்றிக் கணிப்பு சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள், ஆனால் நான் பழைய கணிப்பு ஒன்றைத்தான் எடுத்து வந்திருக்கிறேன். 2022 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸுக்கு, அதாவது ஏசிசி லீகுக்கு, பத்திரிகையாளர்கள் வாக்களித்துப் போட்ட பட்டியல் அது. அப்போது மொத்தம் 15 அணிகள். முதல் இடம் நார்த் கரோலினா, பதினான்காவது இடம் பிட்ஸ்பர்க். நானும் வருஷா வருஷம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அந்த வருஷம் என் நோட்டிலும் முதல் இடத்திலும் பதினான்காவது இடத்திலும் இதே பெயர்கள்தான்.

நார்த் கரோலினா ஏசிசியில் மட்டுமா முதல் இடம், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் போடும் ஏபி பட்டியலில் நாட்டிலேயே முதல் இடம். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னோம்: ஏப்ரலில் என்சிஏஏ என்னும் தேசியச் சாம்பியன்ஷிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கான்சஸிடம் 72-69 என்று தோற்ற அணி, அதில் முதல் ஐந்து பேரில் நான்கு பேர் திரும்பி வருகிறார்கள். ஆர்மாண்டோ பேகாட், கேலப் லவ், ஆர்.ஜே. டேவிஸ், லீக்கி பிளாக். ஐந்தாவது ஆள் பிரேடி மேனெக் போய்விட்டார், அவ்வளவுதானே என்று விட்டுவிட்டோம்.

இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த "அவ்வளவுதானே" மேல்தான் எனக்கு மனத்தாங்கல். ஏனென்றால் அதற்கான பதில் நம் கண்முன்னாலேயே நடந்தது. 2022 மார்ச் 19, அதே என்சிஏஏ போட்டியில், ஃபோர்ட் வொர்த்தில் பேலர் அணிக்கு எதிரான ஆட்டம். மேனெக் 26 புள்ளி போட்டிருந்தார், நார்த் கரோலினா 67-42 என்று 25 புள்ளி முன்னால் இருந்தது, ஆட்டம் முடியப் பத்து நிமிடம்தான் பாக்கி. அப்போது எதிராளி மீது முழங்கை பட்டதற்காக மேனெக்கை நடுவர்கள் வெளியே அனுப்பினார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் 25 புள்ளியும் கரைந்து ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. லவும் ஐந்து ஃபவுலாகி வெளியே போனார் என்பது உண்மைதான், ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கடைசியில் 93-86 என்று ஜெயித்துவிட்டதால், ஜெயித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சரிந்ததை மறந்துவிட்டோம்.

மேனெக் உயரமான ஆள், தூரத்திலிருந்து எறிந்தால் பத்தில் நான்கு விழும். அவரைக் காவல் காக்க எதிரணியின் உயரமான ஆட்டக்காரர் வெளியே வர வேண்டும், அப்போது உள்ளே பேகாட்டுக்கு இடம் கிடைக்கும். அவர் இல்லையென்றால் எதிரணிக்காரர்கள் பேகாட்டைச் சுற்றி மொய்த்துக்கொள்வார்கள். அதுதான் நடந்தது. நவம்பரிலேயே அயோவா ஸ்டேட்டிடம் தோற்றார்கள், அலபாமாவிடம் நான்கு ஓவர்டைம் ஆடி 103-101 என்று தோற்றார்கள், அப்புறம் இந்தியானா, வர்ஜீனியா டெக், வரிசையாக நான்கு தோல்வி. மார்ச்சில் 20 வெற்றி, 13 தோல்வியோடு என்சிஏஏ போட்டிக்கே தேர்வாகவில்லை. 1985இல் 64 அணிகளாக்கிய பிறகு, சீசனுக்கு முன் முதல் இடத்தில் இருந்த ஓர் அணி இப்படி வெளியே நின்றது அதுதான் முதல் தடவை.

சரி, பிட்ஸ்பர்க்குக்கு வருவோம். நவம்பரில் மிச்சிகனிடம் 91-60 என்று தோற்றபோது, பதினான்காவது இடம் சரியான கணிப்புதான் என்று நினைத்தேன். அந்த அணியில் பாதிப் பேர் வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். பிளேக் ஹின்சன் அயோவா ஸ்டேட்டிலிருந்து, நெல்லி கம்மிங்ஸ் கோல்கேட்டிலிருந்து, கிரெக் எலியட் மார்க்கெட் பல்கலைக்கழகத்திலிருந்து. 2021இல் விதி மாறி, முதல் தடவை கல்லூரி மாறுகிறவர் ஒரு வருஷம் உட்கார வேண்டியதில்லை என்று ஆன பிறகு, அணியைக் கட்டும் முறையே மாறிவிட்டது. பட்டியல் போடுகிறவர்கள் மனதில் போன வருஷத்து பிட்ஸ்பர்க் இருந்தது, களத்தில் இறங்கியதோ வேறு அணி. ஏசிசியில் 14 வெற்றி, 6 தோல்வி, பயிற்சியாளர் ஜெஃப் கேப்பலுக்கு அந்த வருஷத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது. நார்த் கரோலினாவையே இரண்டு தடவை அடித்தார்கள், இரண்டாவது தடவை சேப்பல் ஹில்லிலேயே போய் 65-64.

முழுக்கத் தவறிய பட்டியல் என்றும் சொல்ல மாட்டேன். மயாமியை நான்காவது இடத்தில் வைத்தது மரியாதையான கணிப்பு, ஆனாலும் குறைவு. ஏசிசியில் வர்ஜீனியாவோடு முதல் இடத்தைப் பகிர்ந்துகொண்டு, என்சிஏஏ போட்டியில் கடைசி நான்கு அணிகள் வரை போனார்கள். டெக்சஸுக்கு எதிரே ஜோர்டன் மில்லர் எறிந்த ஏழும் விழுந்தது, ஃப்ரீ த்ரோ பதின்மூன்றும் விழுந்தது, 27 புள்ளி, ஒன்றுகூடத் தவறவில்லை. அந்த ஆட்டத்தை நான் எழுந்து நின்றுகொண்டே பார்த்தேன்.

அடுத்த அக்டோபரில் மில்லரும் ஐசையா வாங்கும் மயாமியில் இல்லை. ஆனாலும் ஏபி பட்டியலில் முதல் 15 அணிகளுக்குள் மயாமி இருந்தது. நோட்டைத் திறந்து, மேனெக் பெயரைப் பார்த்துவிட்டு, மயாமியைக் கீழே இறக்கலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். இறக்கவில்லை. மார்ச்சில் அவர்கள் 15 வெற்றி, 17 தோல்வியோடு முடித்தார்கள்.