ஒரு பல்ப் எரியல, மூணு வருஷம் பதில் சொல்லணும்! அமெரிக்க ட்ரக் டிரைவரை விடாம துரத்துற பேப்பர்

(திரையில்: இரவு. நெடுஞ்சாலை ஓரத்துல ஒரு ட்ரெய்லர். பின்னால ஒரே ஒரு விளக்கு மட்டும் அணைஞ்சிருக்கு.)

இந்த விளக்கைப் பாருங்க. கட்டை விரல் அளவுதான் இருக்கும். இது எரியலைன்னு ஒரு ஆபீசர் வண்டியை ஓரங்கட்டச் சொல்றார். டிக்கெட் எழுதல, ஃபைன் போடல. "மாத்திடுங்க, பார்த்துப் போங்க"ன்னு ஒரு பேப்பரைக் கையில கொடுத்து அனுப்பிடறார். டிரைவரும் "தப்பிச்சோம்டா சாமி"ன்னு கிளம்பிடறார்.

எங்க தப்பிச்சார்? அந்தப் பேப்பர் இன்னும் மூணு வருஷம் பேசப்போகுது. அதுவும் அவர் அடுத்த வேலை கேட்டுப் போய் உட்கார்ற மேஜையில.

வணக்கம் மக்களே! அமெரிக்காவுல கனரக வண்டி ஓட்டுறவங்களோட விதிமீறல் பதிவு எங்க போகுது, யார் படிக்கிறாங்க, அதை அழிக்க முடியுமா? இன்னிக்கு அதுதான். சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லி நடுவுல நிறுத்த மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன், முடிஞ்சது.

போரடிக்கிற பகுதியை ஒரே மூச்சுல சொல்லிடறேன். ட்ரக், பஸ் பாதுகாப்பைக் கவனிக்கறதுக்குன்னு 2000 ஜனவரி 1ல ஒரு மத்திய அமைப்பு வந்துச்சு, பேரு எஃப்எம்சிஎஸ்ஏ. இன்னொரு தடவை சொன்னா நாக்கு சுளுக்கிக்கும், அதனால இனிமே "ஏஜென்சி". அவங்க 2010ல சிஎஸ்ஏன்னு ஒரு கண்காணிப்பு முறையைக் கொண்டு வந்தாங்க. அவ்வளவுதான் வரலாறு.

இப்ப முதல் குண்டு. ட்ரக் டிரைவர்கள் பேசறதைக் கேட்டீங்கன்னா "என் சிஎஸ்ஏ ஸ்கோர் போச்சு", "அவன் ஸ்கோர் நல்லா இருக்கு"ன்னு சொல்லுவாங்க. டிரைவருக்கு அப்படி ஒரு ஸ்கோரே கிடையாது! ஸ்கோர் கம்பெனிக்குத்தான். ரோட்டோரச் சோதனையில மாட்டுற ஒவ்வொரு தப்பும் 24 மாசம் கம்பெனி கணக்குல நிக்கும். கடைசி ஆறு மாசத்துல நடந்ததுன்னா மூணு மடங்கு எடை, ஆறுலேர்ந்து பன்னெண்டு மாசத்துக்குள்ளன்னா ரெண்டு மடங்கு, அதுக்கும் பழசுன்னா ஒரு மடங்கு.

அப்போ டிரைவருக்கு? அவருக்கு பிஎஸ்பின்னு ஒரு அறிக்கை. அஞ்சு வருஷ விபத்து, மூணு வருஷ சோதனை, எல்லாம் வரிசையா இருக்கும். மார்க் ஷீட்டுல மொத்தத்தைப் போடாம, எந்தெந்தக் கேள்வியில கோட்டை விட்டீங்கன்னு மட்டும் எழுதிக் கொடுத்தா எப்படி இருக்கும்? அதேதான். மொத்தத்தைக் கூட்டிக்கறது வேலை கொடுக்கிறவரோட மனசு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. டிரைவர் வேலையை விட்டுட்டுப் போனாலும், அவர் பண்ணின தப்போட புள்ளி பழைய கம்பெனி கணக்குலயே இருக்கும். புதுக் கம்பெனிக்கு அது போகாது. வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி பண்ணிட்டார். சுவத்துல இருக்கற ஆணி ஓட்டை யாருக்கு? வீட்டுக்காரருக்கு. ஆனா "இவர் ஆணி அடிக்கிற ஆளுங்க"ன்னு ஒரு பேரு இருக்கு பாருங்க, அது மட்டும் இவர் கூடவே அடுத்த வீட்டுக்கு வரும். அடுத்த வீட்டுக்காரர் தன் கணக்குல ஒரு ஓட்டைகூட இல்லாதப்பவே சாவி கொடுக்க யோசிக்கிறார்னா, வரப்போற ஓட்டையை நினைச்சுத்தான்.

(திரையில்: வண்டிக்கு அடியில ஒருத்தர் மல்லாந்து படுத்திருக்கார். கையில சாக்பீஸ்.)

சரி, அந்தச் சோதனை எப்படி நடக்கும்? முழுச் சோதனைக்கு லெவல் ஒண்ணுன்னு பேரு. மொத்தம் 37 படி. லைசென்ஸ், மருத்துவச் சான்று, எவ்வளவு நேரம் ஓட்டியிருக்கார்ங்கற பதிவு எல்லாத்தையும் பார்த்துட்டு, ஆபீசர் சக்கரம் வச்ச பலகையில படுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போறார். பிரேக்கைத் தள்ளுற கம்பியில சாக்பீஸால ஒரு கோடு. டிரைவரைப் பிரேக் அழுத்தச் சொல்றார். கோடு எவ்வளவு தூரம் நகருதுன்னு அளக்கிறார். அளவு தாண்டினா அந்த பிரேக் ஃபெயில். வண்டியில இருக்கற பிரேக்ல 20 சதவீதம் ஃபெயில்னா வண்டி அங்கேயே நிக்கணும், சரி பண்ணாம ஒரு அடி நகரக் கூடாது. முன் டயர்ல பள்ளம் ஒரு அங்குலத்தை 32ஆப் பிரிச்சா அதுல நாலு பங்காவது இருக்கணும். ஒரு சாக்பீஸ் கோட்டுலயும் டயர் பள்ளத்துலயும் ஒருத்தரோட அடுத்த மூணு வருஷம் தொங்கிட்டு இருக்கு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த ட்ரெய்லர் அவரோடதே இல்லாம இருக்கலாம். யாரோ நிறுத்திட்டுப் போனதை பத்து நிமிஷத்துக்கு முன்னாடி கொக்கி போட்டு இழுத்துட்டு வந்திருப்பார். ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி வண்டி நல்லா இருக்கான்னு பார்த்துக்க வேண்டியது சட்டப்படி டிரைவர் பொறுப்பு. அதனால பேப்பர்ல அவர் பேரு.

விபத்து இன்னும் மோசம். சிவப்பு விளக்குல நிக்கறீங்க, பின்னால வந்து ஒருத்தர் மோதறார். ஆள் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலோ, வண்டியை இழுத்துட்டுப் போக வேண்டி வந்தாலோ, அது உங்க பிஎஸ்பில ஏறும். யார் மேல தப்புன்னு அந்த வரியில இருக்காது. இதுக்காக 2020ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. பின்னால வந்து மோதறது, எதிர்ப்பக்கம் தப்பா வர்றது, மிருகம் குறுக்கே வர்றதுன்னு சில வகை விபத்துக்கு ஆவணத்தோட விண்ணப்பிச்சா "தவிர்த்திருக்க முடியாதது"ன்னு பக்கத்துல குறிப்பு போடுவாங்க. அப்பவும் விபத்து அழியாது, குறிப்புதான் கூடும்.

இவ்வளவு கெடுபிடி தேவையான்னு கேட்பீங்க. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் இந்தக் கதையைப் படிச்சேன்.

1986க்கு முன்னாடி அங்க ஒரு டிரைவர் பல மாநிலத்துல பல லைசென்ஸ் வச்சுக்கிட்டார். ஒரு மாநிலத்துல வேகமாப் போய் மாட்டினா ஒரு லைசென்ஸை நீட்டுவார், அடுத்த மாநிலத்துல இன்னொண்ணு. தப்பையெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி பிரிச்சுப் போட்டுடுவார். எந்த லைசென்ஸ்லயும் ரத்து பண்ற அளவுக்குச் சேராது! ஒண்ணு ரத்தானாலும் மிச்சம் பாக்கெட்ல இருக்கும். பல மாநிலத்துல சாதாரண கார் லைசென்ஸை வச்சே கனரக வண்டியையும் ஓட்டலாம். யோசிச்சுப் பாருங்க, 36 டன் வண்டி, அதை ஓட்டுறவரோட முழுக் கதை யார்கிட்டயும் இல்ல. 1986ல சட்டம் போட்டாங்க: ஒரு ஆளுக்கு ஒரே லைசென்ஸ். 1992 ஏப்ரல் 1லேர்ந்து சிடிஎல், அதாவது கனரக வண்டிக்குன்னே இருக்கற தனி லைசென்ஸ், இல்லாம ஓட்ட முடியாது, மாநிலங்களோட பதிவெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கும். சீட்டுக்கட்டு ஆட்டம் முடிஞ்சது.

அதோட விடல. சாதாரண ஆளு கார்ல வேகமாப் போய் மாட்டினா, சில இடத்துல ஒரு வகுப்புக்குப் போய் உட்கார்ந்துட்டு வந்தா பதிவுல ஏறாம போகும். சிடிஎல் வச்சிருக்கவருக்கு அந்த வழியே கிடையாது. ஞாயித்துக்கிழமை சொந்தக் கார்ல போய் மாட்டினாலும் மாநிலம் அதை மறைக்கக் கூடாதுன்னு மத்திய விதி. பார்க்கிங், வண்டி எடை, வண்டிக் கோளாறு, இந்தத் தப்புக்கு மட்டும் இந்தக் கெடுபிடி இல்ல, அந்தளவுக்குக் கருணை! தண்டனை உறுதியானா 30 நாளைக்குள்ள முதலாளிக்கும் சொல்லணும்.

இப்ப லைசென்ஸே போற கணக்கு. எல்லையை விட 15 மைல் வேகம் கூட, முன்வண்டியை ஒட்டிப் போறது, போனைக் கையில பிடிக்கிறது, இதெல்லாம் "கடுமையான" தப்பு. ட்ரக் ஓட்டும்போது மூணு வருஷத்துல ரெண்டுன்னா 60 நாள் வீட்டுல, மூணுன்னா 120 நாள். குடிச்சிட்டு ஓட்டினா ஒரு வருஷம், ரெண்டாவது தடவைன்னா ஆயுளுக்கும். ட்ரக்ல ரத்தத்துல 0.04 சதவீதம் ஆல்கஹால் இருந்தாலே குடிச்சதாத்தான் கணக்கு. போதைப் பரிசோதனையில தோத்தவங்களுக்கு 2020லேர்ந்து தனிப் பட்டியல், அதுக்கு ஒரு தனி வீடியோவே போடணும்.

மறுபடி நம்ம பல்ப்புக்கு வருவோம். "ஃபைனே இல்லாத சின்னத் தப்பை எதுக்கு வேலை கொடுக்கிறவருக்குக் காட்டறீங்க?"ன்னு சில டிரைவர்கள் வழக்கே போட்டாங்க. சட்டத்துல "கடுமையான" தப்புன்னுதானே இருக்குங்கறது அவங்க வாதம். எனக்கு நியாயமாத்தான் படுது. ஆனா 2016ல பாஸ்டன்ல இருக்கற மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கல. டிரைவர் சம்மதக் கையெழுத்து இருந்தா எல்லாத்தையும் காட்டலாம்னு ஏஜென்சி எடுத்துக்கிட்ட அர்த்தம் சரிதான்னு சொல்லிடுச்சு. சம்மதமா? கையெழுத்துப் போடலைன்னா வேலை கிடைக்காதே மக்களே, அது என்ன சம்மதம்? கமென்ட்ல சண்டை போடுங்க, வர்றேன்.

தப்பா எழுதியிருந்தா டேட்டாக்யூஸ்னு ஒரு தளத்துல முறையிடலாம். ஆனா அந்த மனு எங்க போகும்? யார் ஆளு எழுதினாரோ, அதே மாநிலத் துறைக்கு. அடிச்சவர் வீட்டுலயே பஞ்சாயத்து. உருப்படியான ஒரு விஷயம், டிக்கெட் போட்டு, கோர்ட்ல அது தள்ளுபடி ஆச்சுன்னா அந்த விதிமீறலை நீக்கச் சொல்லலாம். 2014 ஆகஸ்ட் 23லேர்ந்து நடந்த சோதனைக்கெல்லாம் இது பொருந்தும்.

கவனிச்சீங்களா? டிக்கெட் வாங்கினவருக்கு கோர்ட்னு ஒரு வாசல் இருக்கு. வெறும் எச்சரிக்கை வாங்கினவருக்கு அதுவும் இல்ல. ஆபீசர் நல்ல மனசோட விட்டார் பாருங்க, அதுதான் வினை!

அதனால நம்ம டிரைவர் செய்யறதுக்கு ஒண்ணுதான். வேலை தேடக் கிளம்பறதுக்கு முன்னாடி பத்து டாலர் கட்டித் தன் பிஎஸ்பியைத் தானே எடுத்துப் படிக்கணும். அந்தப் பல்ப் வரிக்குப் பக்கத்துல ஒரு தேதி இருக்கும். அதுலேர்ந்து மூணு வருஷத்தை எண்ணி, இன்னும் பதினாறு நாள்தான் பாக்கின்னா, விண்ணப்பத்தை மடிச்சு உள்ள வச்சுட்டு, அந்த வரி பிஎஸ்பியை விட்டுப் போனதும் போய் நிக்கலாம்.