கூரை வேலையா, தரை வேலையா?

(ஒரு தொழிற்சங்க ஆண்டு மாநாட்டில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாநாட்டுத் தலைவர் அவர்களே, முன்மொழிந்தும் வழிமொழிந்தும் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்த தோழர்களே, பொதுச்செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே (இவரைத் தனியாகச் சொல்லாவிட்டால் என் வழிச்செலவில் கை வைத்துவிடுவார்), எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்த சட்ட ஆலோசகர் அவர்களே, சகோதர சங்கங்களிலிருந்து வாழ்த்துச் சொல்ல வந்திருக்கும் நிர்வாகிகளே, மகளிர் குழு அமைப்பாளர் அவர்களே, நேற்று இரவு முழுக்க நாற்காலி தூக்கி, மைக் கட்டிய இளந்தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போன பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரவேற்புரையிலேயே எல்லோர் பெயரும் இரண்டு தடவை வந்துவிட்டது.

பொன்னாடைக்கு நன்றி. இதற்குப் பதில் ஒரு புத்தகம் கொடுங்கள் என்று போன மாநாட்டிலும் சொன்னேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, தொழிற்சங்கமும் தொழிலாளர் கட்சியும். மூன்று விஷயம் பேசப்போகிறேன். சங்கத்துக்குக் கட்சி ஏன் தேவைப்பட்டது, அந்தக் கட்சியைக் கட்டியது யார், கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு சங்கத்தை என்ன செய்தது. மூன்றாவதுதான் காரமானது, அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் ஒரே பழமொழிதான் உண்டு. என் பேச்சை ஏற்கெனவே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள், தெரியும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

சரி, கதைக்கு வருவோம். ஆண்டு 1892. இடம் லண்டன் நாடாளுமன்றம். கீர் ஹார்டி என்று ஒருவர் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறார். ஸ்காட்லாந்துக்காரர். பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போனவர். அங்கே என்ன வேலை தெரியுமா? கதவு திறந்து மூடுவது. சுரங்கத்துக்குள் காற்று ஓடுவதற்குக் கதவுகள் வைத்திருப்பார்கள். கரி வண்டி வரும்போது திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். அந்த இருட்டில் நாள் முழுக்க ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அந்தப் பையன்தான் இப்போது நாடாளுமன்றத்தின் கதவுக்கு முன்னால் நிற்கிறார்.

அந்தக் காலத்து உறுப்பினர்கள் என்றால் நீண்ட கறுப்புக் கோட்டு, தலையில் புகைபோக்கி மாதிரி உயரமான பட்டுத் தொப்பி. இவரோ முரட்டுத் துணியில் சாதாரண உடுப்பு, தலையில் ஒரு துணித் தொப்பி. கூடவே தொகுதி மக்கள், ஊதுகுழல் வேறு. மறுநாள் பத்திரிகைகளுக்கு அவர் என்ன பேசப்போகிறார் என்பது பற்றிக் கவலையில்லை, தொப்பி பற்றித்தான் கவலை. வாசலில் நின்ற போலீஸ்காரர் இவரை மடக்கினாராம். "என்னப்பா, இங்கேதான் வேலையா?" என்று கேட்டாராம். கட்டடத்தில் அப்போது கூரையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்களாம். "ஆமாம், இங்கேதான் வேலை." "கூரை வேலையா?" ஹார்டி அமைதியாகச் சொன்னாராம், "இல்லை ஐயா, தரை வேலை."

கை தட்டுங்கள், தட்டலாம். இது அப்படியே நடந்ததா, பிற்பாடு யாராவது மெருகேற்றினார்களா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். அடுத்து சொல்லப்போவது பதிவில் இருக்கிறது. 1894 ஜூன் 23. அரச குடும்பத்தில் ஒரு ஆண் குழந்தை பிறக்கிறது. அதே நாள் வேல்ஸில் ஆல்பியன் சுரங்கத்தில் வெடிவிபத்து, 290 ஆண்களும் சிறுவர்களும் செத்துப்போகிறார்கள். நாடாளுமன்றத்தில் குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் வருகிறது. அதோடு சுரங்கக் குடும்பங்களுக்கு ஒரு வரி அனுதாபமும் சேருங்கள் என்று ஹார்டி கேட்டார். சேர்க்கவில்லை. அவர் எழுந்து அந்த வாழ்த்தை எதிர்த்துப் பேசினார், சபையே கூச்சல் போட்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். ஒரு ஆள் வடம் பிடித்தால் கைதான் கிழியும்.

அதற்கு முன்பும் தொழிலாளி நாடாளுமன்றத்துக்குப் போகாமல் இல்லை. 1874-லேயே தாமஸ் பர்ட், அலெக்சாண்டர் மெக்டொனால்ட் என்று சுரங்கச் சங்கத்தார் இருவர் போனார்கள். ஆனால் லிபரல் கட்சியின் குடைக்குள் நின்றார்கள். நல்லவர்கள்தான். குடை யாருடையது என்பதுதான் கேள்வி. நாடாளுமன்றத்துக்குத் தொழிலாளர் பிரதிநிதிகளை அதிகம் அனுப்ப வழி காண ஒரு மாநாடு கூட்ட வேண்டும் என்று 1899-இல் பிளிமத் நகரத் தொழிற்சங்க மாநாட்டில் ரயில்வேத் தொழிலாளர்கள் கொண்டுவந்த தீர்மானம்கூட 5,46,000-க்கு 4,34,000 வாக்கு என்றுதான் தேறியது. 1900 பிப்ரவரி 27 அன்று லண்டனில் ஒரு மண்டபத்தில் 129 பிரதிநிதிகள் கூடி ஒரு குழு அமைத்தார்கள். பிற்பாடு தொழிலாளர் கட்சி ஆனது இந்தக் குழுதான். அன்றைக்குக் கட்சி என்ற பெயர்கூட அதற்கு இல்லை, தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு என்றுதான் பெயர். சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு 1909 வரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? முதலாளியே உதவிக்கு வந்தார். தெற்கு வேல்ஸில் டாஃப் வேல் ரயில் நிறுவனத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. வேலைநிறுத்தத்தால் வந்த நட்டத்தைச் சங்கமே கட்ட வேண்டும் என்று 1901-இல், அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நட்டஈடு 23,000 பவுண்டு, வழக்குச் செலவும் சேர்ந்து சுமார் 42,000 பவுண்டு. சங்கத்தின் பெட்டிக்குப் பெரிய அடி. சட்டம் எழுதுகிற இடத்தில் ஆள் இல்லாவிட்டால் சங்கக் கட்டடத்தின் சாவிகூட நம்முடையதில்லை என்று அன்றைக்குத்தான் மற்ற சங்கங்களுக்கு உறைத்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தக் குழுவில் சேர்ந்தவர் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. 1906 தேர்தலில் 29 பேர் ஜெயித்தார்கள். அதே ஆண்டு டாஃப் வேல் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கும் சட்டமும் வந்தது. ஊர் கூடியது, தேர் நகர்ந்தது.

நம் வரலாற்றிலும் இதே கதை உண்டு. 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் மீதும் அதன் தலைவர் வாடியா மீதும் 1920-21 காலத்தில் ஆலை நிர்வாகம் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. அந்த அதிர்ச்சியில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் எழுப்ப, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இடையில் 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி, அன்றைக்கே தொழிலாளர், விவசாயிகளுக்கென்று ஒரு கட்சியையும் அறிவித்தார். இதற்கே ஒரு தனி மாநாடு வைக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம்: கட்டியது யார்? இதைத்தான் சொல்ல வந்தேன். பழைய சங்கங்கள் கைத்தொழில் கற்றவர்களின் சங்கங்கள். சந்தா அதிகம், சுவரும் உயரம். கற்காத கூலிக்கு உள்ளே இடமில்லை. 1889-இல் அந்தச் சுவர் உடைந்தது. லண்டன் துறைமுகத்தில் தினமும் காலையில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் ஆட்கள் முண்டியடித்து நிற்பார்கள், மேஸ்திரி விரல் நீட்டியவனுக்கு மட்டும் அன்றைக்கு வேலை, அதுவும் சில மணி நேரம். அந்த மனிதர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் சுமார் 30,000 பவுண்டு திரட்டி அனுப்பினார்கள். ஜெயித்தார்கள். அந்தக் கூட்டம் சங்கத்துக்குள் வந்த பிறகுதான் தனிக் கட்சி என்ற பேச்சுக்கே பலம் வந்தது.

அந்தக் கம்பித் தடுப்பு இப்போது எங்கே இருக்கிறது? நம் தொழிற்சாலை வாசலில் இருக்கிறது. நிரந்தரத்துக்கு ஒரு நிறத்தில் அடையாள அட்டை, ஒப்பந்தத்துக்கு வேறு நிறம். ஒரே இயந்திரம், ஒரே ஷிஃப்ட், ஒரே எண்ணெய்க் கறை. சம்பளம் மட்டும் வேறு.

நான் ஃபிட்டராக இருந்த இடத்தில் கிளைச் செயலாளராகவும் இருந்தேன். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து ஒரு ஒப்பந்தத் தோழர் வந்தார். உறுப்பினர் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், வேர்வையில் மை கலங்கியிருந்தது. முதல் மாதச் சந்தாவைச் சில்லறையாகத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். "சங்க விதியில் இடமில்லை தம்பி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை, சில்லறையை மட்டும் எண்ணிப் பார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு சம்பள உயர்வுக்கு நாங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினோம். உள்ளே இயந்திரம் ஓடியது. ஓட்டியது ஒப்பந்தத் தோழர்கள். அவரும் ஓட்டினார். பதினொன்றாம் நாள் நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். அவரைக் கருங்காலி என்று திட்டிய குரல்களில் என் குரலும் உண்டு. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று நான் இத்தனை மேடையில் சொல்வது அந்தக் கடனை அடைக்கத்தான். பாதி ஊரை வாசலில் நிறுத்திவிட்டு, தேர் ஏன் நகரவில்லை என்று நாம் கேட்கக் கூடாது.

கட்சி வேண்டுமா என்று கேட்கிற இளந்தோழர்களே, முதலில் சங்கத்தின் கதவைத் திறங்கள். அடுத்து கணக்கு. பிரிட்டனில் 1909-இல் ஆஸ்போர்ன் தீர்ப்பு சங்கப் பணம் கட்சிக்குப் போவதையே தடுத்தது. 1913 சட்டம்தான் அரசியல் நிதியைத் தனிக் கணக்காக வைத்து வழி திறந்தது. நம் 1926 சட்டமும் அதையே சொன்னது: தனி நிதி, விருப்பப்பட்டவர் மட்டும் கொடுக்கலாம், கட்டாயம் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளி கொடுக்கிற காசும் அந்தக் கணக்கில் ஏறட்டும், அவருக்கும் ஓட்டு இருக்கட்டும்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். இது இரண்டாவது சீட்டு, முதல் சீட்டைப் படிக்காத மாதிரி இருந்துவிட்டேன். மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை. 1899-இல் குவீன்ஸ்லாந்தில் ஒரே வாரம் ஆண்ட தொழிலாளர் அரசு, 1904-இல் ஆஸ்திரேலியாவில் வாட்சன், 1924-இல் பிரிட்டனில் ராம்சே மெக்டொனால்ட், எல்லாம் குறிப்பில் இருக்கிறது. அடுத்த மாநாட்டுக்குக் கூப்பிட்டால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

சங்க விதியைத் திருத்தி ஒப்பந்தத் தொழிலாளரை உறுப்பினராக்குவது ஏழாவது தீர்மானம். மதியத்துக்குப் பிறகு வருகிறது. அந்த நேரத்தில் தூங்கிவிடாதீர்கள். வாசலில் இடப்பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம், படிவமும் ரசீதுப் புத்தகமும் அங்கே இருக்கிறது. தீர்மானம் நிறைவேறினால் இன்றைக்கே முதல் ரசீது கிழிக்கலாம். நான் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.