அந்தப் புள்ளிதான் பாறு! ராமநகராவில் ஒரு காலை

காற்று இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே. மைக் பஞ்சை ஆல்சூர் வீட்டிலேயே மறந்துவிட்டேன். ராமநகராவில், ராமதேவர பெட்டாவில் இருக்கிறேன். பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் ஐம்பது கிலோமீட்டர். பாறு கழுகுக்காகவே, அதாவது 'பிணந்தின்னிக் கழுகு' என்பார்களே அதற்காகவே, 2012-ல் சரணாலயமாக அறிவித்த மலை இது.

காலையில் அடித்துப் பிடித்து வந்து, முதல் ஒரு மணி நேரம் எடுத்தது எல்லாமே பருந்து! வாலைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பருந்துக்கு வால் நடுவில் பிளந்திருக்கும். பாறுக்குக் குட்டை வால், பலகை மாதிரி அகலமான இறக்கை, நுனியில் விரல் விரித்தாற்போல இறகுகள். அடிக்கடி இறக்கை அடிக்காது. வெயில் ஏறிப் பாறை சூடானதும் மேலே எழும் காற்றில் அப்படியே மிதக்கும். இது தெரிந்தும் விடியற்காலையில் ஓடி வந்தேன் பாருங்கள்.

எதிரே அந்தச் செங்குத்துப் பாறையில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரிகிறதா? எச்சம். கருங்கழுத்துப் பாறு உட்காரும் இடம் அது, கூடு கட்டுவதும் அந்த மாதிரி விளிம்பில்தான். ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டை. குஞ்சு வளர்ந்து, அது ஒரு முட்டை இட ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆகும்.

"பாறுதான் குறைந்துவிட்டதே, கூண்டில் வளர்த்து இங்கே கொண்டுவந்து விட்டால் என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். விட்டிருக்கிறார்கள், இங்கே இல்லை, ஹரியானாவில். சிவாலிக் மலையடிவாரத்தில் பிஞ்சோர் என்று ஓர் ஊர். அங்கே 2001-ல் பாறுகளுக்கான மையம் தொடங்கினார்கள். வெண்முதுகுப் பாறு எட்டை வெளியே விட்டது 2020-ல்! ஏன் இவ்வளவு வருஷம்? தடவைக்கு ஒரு முட்டை என்ற கணக்கு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெளியே விட்ட பறவை தின்னப்போகும் மாட்டில் மருந்து இருக்கக் கூடாதே.

டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு வலி குறையப் போடும் ஊசி. மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். செத்த மாடு நூற்றில் ஒன்றில் மருந்து இருந்தாலே கூட்டம் சரியப் போதும். ஒரே மாட்டில் அத்தனை பறவைகள் பந்தி உட்காருமே! காரணம் வெளியே வந்தது 2004-ல், கால்நடைக்குத் தடை 2006-ல். மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருக்கிறது, அது பாறுகளைக் கொல்லாது. ஆனால் 1992-க்கும் 2007-க்கும் நடுவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. எனக்கு இந்தப் 'பிணந்தின்னி' என்ற பெயரே பிடிப்பதில்லை. பிணத்தைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்த பறவையைத் திட்டுவதற்கு அந்தச் சொல்லைப் பழக்கிவிட்டோம்.

ஒரு நிமிஷம்... அதோ! பாறைக்கு வலது பக்கம், மேலே. இறக்கை அசையவே இல்லை. கழுத்து உள்ளே இழுத்திருக்கிறது, வால் குட்டை. பாறுதான்! ஐயோ, போனில் ஜூம் போனால் வெறும் புள்ளி. இருங்கள், இன்னொன்றும் வருகிறது. முதலாவது காலைத் தொங்கவிட்டு அந்த வெள்ளைக் கோட்டுக்கு மேலேயே இறங்கிவிட்டது.

அம்மாவுக்கு இந்த வீடியோவை அனுப்பினேன். சின்ன வயதில் திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வரும் இரண்டு கழுகுகளைப் பார்த்தவர். அவை மஞ்சள்முகப் பாறு, வேறு இனம். அவற்றுக்குக் குருக்கள் கையால் பொங்கல். இப்போது அங்கே வருவதில்லை. அம்மா பதில் போட்டிருக்கிறார்: "எங்கேடா இருக்கு? வானம்தான் தெரியுது."

பேட்டரி நான்கு சதவீதம். பிடதியில் தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, மீதியை வீட்டிலிருந்து பேசுகிறேன்.